இடது கை விரல்கள்

போலகம் கிராமத்தில் கட்டிக்கொடுத்த மகள் ழுலியேத், பார்க்க வந்த அப்பாவிடம் காப்பியை நீட்டியபோது, அவளுடைய இடது கை விரல்நுனிகள் காய்த்துக் கிடந்ததை ஆல்போன்ஸ் பார்த்துவிட்டார்.

"ஒண்ணுமில்லப்பா" என்று அவள் கையை முந்தானைக்குள் மறைத்தாள்.

"என் பொண்ணு யாருக்கும் வேலைக்காரி இல்ல. பெட்டிய எடு, போவோம்!"

மாமியார் மார்த் வந்து தன் இடது கையை விரித்தார். அதே காய்ப்பு.

"வேல செஞ்சா வலது கையிலதான காய்க்கும், சம்பந்தி! உங்க மாப்ள பாரிஸ்லேருந்து கித்தார் அனுப்பிச்சிருக்கு. ரெண்டு பேரும் ரேடியோப் பாட்டுக்கு இடது கையால கம்பிய அமுக்கிக் கார்டு புடிக்கப் பழகுறோம். சி மேஜர் வந்துடுச்சு. எஃப் மேஜர் அமுக்குறதுக்குள்ள உசிரு போவுது."

"இத ஏம்மா மறைச்ச?"

"நம்ம வீட்டுல நான் கித்தாரத் தொட்டதுக்கு, குடும்ப மானம் போச்சுன்னு அத அடுப்புல வச்சீங்களேப்பா."

ஆல்போன்ஸ் காப்பியைக் கீழே வைத்தார்.

"பெட்டி கெடக்கட்டும். கித்தார எடு, கேப்போம்."