முன் வரிசை நாற்காலி

“கும்பிடு குமுதா. அந்த ஆளு நம்மளையே பாக்குறாரு.”

தர்மா உதடு அசையாமல் சொன்னான். குமுதா கைகளைக் குவித்தாள். எதிரே திறந்த சவப்பெட்டிக்குள் ஒரு முதியவர் படுத்திருந்தார். தலைமாட்டில் காமாட்சி விளக்கு எரிந்தது. ஈப்போவின் அந்த ஈமச்சடங்கு மண்டபத்தில் வரிசை வரிசையாக இரும்பு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன் வரிசையில் ஒரு சீனர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“செத்த எடத்துல வந்து டப்பா தேடணுமா? வாங்க, போலாம்.”

“இங்க பொணம் இருக்கும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? வந்தது வந்தாச்சு. கெடச்சதும் போயிரலாம் லா.”

தர்மாவுக்கு இது பல வருடப் பைத்தியம். உலகம் முழுக்க ஆடுகிற விளையாட்டு. யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்துவிட்டு, இடத்தைச் செல்பேசிச் செயலியில் குறித்து வைப்பார். தேடிக் கண்டுபிடிப்பவர் உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். குகை, பூங்கா, பாலத்தடி என்று தர்மா அலையாத இடமில்லை. கட்டடத்துக்குள் ஒளித்த டப்பாக்கள்தான் அபூர்வம். அப்படி ஒன்று இன்று காலை புதிதாக முளைத்ததும், முதல் ஆளாகப் பெயர் எழுதிவிட வேண்டும் என்று சிம்பாங் பூலாயிலிருந்து மனைவியையும் ஏற்றிக்கொண்டு பறந்து வந்திருந்தான். கொடுத்திருந்த குறிப்பு ஒரே வரி: ‘உட்கார்ந்திருப்பவருக்கே கிடைக்கும்.’

அவர்களையே பார்த்துக்கொண்டிருந்த மண்டபப் பொறுப்பாளர் யேசுதாசன் பக்கத்தில் வந்தார்.

“இந்தப் பெரியவரு பத்துமலைக்கு நீங்க சொந்தமா தம்பி?”

டப்பா தேடுவது வெளியாள் யாருக்கும் தெரியக் கூடாது என்பது விளையாட்டின் சட்டம். தர்மா வாயில் வந்ததைச் சொன்னான்.

“ஒரே எஸ்டேட்டுண்ணே. சுங்கை சிப்புட்டுப் பக்கம்.”

“அப்பாடா! முதியோர் இல்லத்துல இருந்து பொணத்த மட்டும் அனுப்பி வச்சுட்டாங்க. சொந்தம்னு ஒருத்தரையும் காணோம். உக்காருங்க, உக்காருங்க.”

இருவரும் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். தர்மாவின் கை நாற்காலிக்கு அடியில் துழாவத் தொடங்கியது. குமுதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் யேசுதாசன் ஒரு தட்டில் அரிசியோடு வந்தார்.

“வேன் வந்துருச்சு. சடங்கு செய்யிற பண்டாரம் நேரா மின்சுடலைக்கு வந்துருவாரு. இங்க வாய்க்கரிசி மட்டும் போடணும். நான் வேதக்காரன், சடங்கு தெரியாது. மகன் எடத்துல நின்னு நீங்களே போட்டுருங்க தம்பி.”

துழாவிக்கொண்டிருந்த கை நின்றது.

“வேணாம்ணே,” குமுதா பதறினாள். “இவரு அப்பா தாப்பாவுல உசுரோட இருக்காரு. இவரு மகனா நிக்கக் கூடாது.”

“அப்ப சுசாதான், செரமந்தான். சரி, இப்பிடியே அனுப்பிருவோம்.”

அவர் குரலில் வருத்தமோ கோபமோ இல்லை. தினமும் நடப்பதுபோல் தட்டோடு திரும்பி நடந்தார். அதுதான் குமுதாவை உறுத்தியது.

“கொண்டாங்கண்ணே. எனக்கு அப்பா இல்ல. நான் போடுறேன்.”

தர்மா அவள் கையைப் பிடித்தான். அவள் விடுவித்துக்கொண்டாள்.

அவளுடைய அப்பா இறந்தபோது, வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று அவளைப் பெட்டிக்குப் பக்கத்தில்கூட விடவில்லை. இப்போது ஒரு முன்பின் தெரியாத முகத்துக்கு மேல் குனிந்து அரிசியைப் போட்டாள். “பெரியப்பா…” என்று ஏன் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

அந்த நேரத்தில் சீனர் தர்மா பக்கம் சாய்ந்து தன் செல்பேசியைக் காட்டினார். அதே செயலி! பிறகு தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் அடியைத் தட்டிக் காட்டினார். காந்தம் ஒட்டிய தீப்பெட்டி அளவு டப்பா அங்கே இருந்தது. எடுத்துத் திறந்தால், தாளில் லிம் என்று அந்தச் சீனரின் பெயர் மட்டும். முதலிடம் போய்விட்டது.

“கிடைத்த பிறகும் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?” என்று தர்மா மலாயில் கிசுகிசுத்தான்.

“எப்படிப் போவது? நான் எழுந்தால் அவர் தனியாக அல்லவா இருப்பார்?”

தர்மா பேனாவை எடுத்தான். லிம்மின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினான். கொஞ்சம் யோசித்து, குமுதாவின் பெயரையும் சேர்த்துவிட்டு, டப்பாவைத் திரும்ப ஒட்டினான்.

“பொட்டியத் தூக்க ஆளு வேணும்,” என்று யேசுதாசன் குரல் கொடுத்தார்.

தர்மாவும் லிம்மும் முன்னால் பிடித்தார்கள். யேசுதாசனும் வேன் ஓட்டியும் பின்னால். குமுதா விளக்கை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள்.

பெட்டியை ஏற்றியதும் தர்மா மனைவியைப் பார்த்தான். அவள் காரில் ஏறி, வேன் போகும் பக்கம் கையைக் காட்டினாள்.

“மின்சுடலை வரைக்கும் நாங்களும் வாரோம்ணே,” என்றான் தர்மா.

“புண்ணியமாப் போவும் தம்பி.”

லிம்மின் மோட்டார் சைக்கிளும் அவர்கள் பின்னால் கிளம்பியது. சாலை முனையில் திரும்பும் வரை யேசுதாசன் பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே வந்து சிந்திக் கிடந்த அரிசியைக் கூட்டினார். முன் வரிசை நாற்காலிக்கு அடியில் கையை விட்டு, டப்பாவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு செல்பேசியை எடுத்து, காலையில் தானே செயலியில் போட்ட அந்த டப்பாக் குறியை மூடி வைத்தார். யாருமில்லாத அடுத்த பிணம் வரும்போது திறந்துகொள்ளலாம்.