அத்தையின் கம்ப்யூட்டரும் ஒரு கப் டீயும்

அத்தையின் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் நான் என் வீட்டிலிருந்தே சரிசெய்வேன். எங்களுக்கு நடுவே ஒரு கடல் கிடக்கிறது. இங்கே நான் மவுஸை நகர்த்தினால் அங்கே அவர் திரையில் அம்பு நகரும். அதைப் பார்த்ததும் அத்தைக்கு இருப்புக் கொள்ளாது. இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு, அதன் முன்னால் ஒரு கப் டீ வைத்துவிடுவார்.

"வந்த பிள்ளையை வெறும் வயித்தோடயா அனுப்புறது?" என்று போனில் சிரிப்பார்.

இன்று பிரிண்டர் ரொம்ப அடம்பிடித்தது. ஒருவழியாகக் காகிதம் வெளியே வந்தது.

"கப்பை எடுத்துக்கட்டுமா மருமகனே? இன்னைக்கும் சொட்டு விடாம குடிச்சிருக்கே."

"எடுத்துக்கோங்க அத்தை."

"சர்க்கரை தீர்ந்துபோச்சுடா. போடாமலே வெச்சிட்டேன்."

என் நாக்கில் துவர்ப்பு இன்னும் போகவில்லை.

"அதான் பார்த்தேன்," என்றேன். "இருந்தாலும் நல்ல சூடு."