பூசணிக்காய் விபத்து

ஆயுத பூஜையன்று சம்பூர்ணம் தன் டாக்ஸிக்கு முன்னால் திருஷ்டிப் பூசணிக்காயை உடைத்தாள். குங்குமம் கலந்த சதை சிதறியதைக் கேமராவில் பார்த்த வண்டி, ஓர் ஆளின் தலை நசுங்கிவிட்டதாக முடிவு கட்டியது. கதவுகளைப் பூட்டிக்கொண்டு, போலீஸுக்கும் தானே தகவல் சொன்னது. வந்த போலீஸ்காரர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். வண்டி மட்டும் சமாதானமாகவில்லை. "உயிரிழப்பு. ஓட்டுநர் தவறு" என்று சொல்லிக்கொண்டு அசையாமல் நின்றது. அன்றோடு சவாரியும் நின்றது.

கோயம்புத்தூர் ஷோரூமுக்கு அவள் பஸ்ஸில் போனாள். சர்வீஸ் மேனேஜர் கௌசிக் திரையை மட்டும் பார்த்துப் பேசினான்.

"சாஃப்ட்வேர்ல கோளாறு எதுவும் இல்லீங்க மேடம். டிரைவர் தப்புன்னு பதிவாயிருக்கு. விபத்துக்கு வாரண்டி கிடையாதுங்க."

"செத்தது யாருங்க?"

"அது பதிவாகலீங்க."

"பூசணிக்காய்ங்க."

"வண்டி சொல்றதைத்தான் நாங்க எடுத்துக்க முடியும்ங்க."

சம்பூர்ணம் எழுந்து வெளியே போனாள். திரும்பி வந்தபோது அவள் இடுப்பில் துளை போட்ட பெரிய பூசணிக்காய் ஒன்று இருந்தது. டெலிவரிக்காக மாலை போட்டு வாசலில் வரிசையாக நின்ற புது வண்டிகளுக்கு முன்னால், குங்குமத்தை அதற்குள் கொட்டி ஓங்கிப் போட்டாள்.

எல்லா வண்டிகளும் கதவைப் பூட்டிக்கொண்டன. "உயிரிழப்பு. ஓட்டுநர் தவறு" என்று ஒரே குரலில் சொல்லத் தொடங்கின. கௌசிக் ஓடி வந்தான்.

சம்பூர்ணம் கைக் குங்குமத்தைக் காக்கிச் சட்டையில் துடைத்தாள்.

"ஏனுங்க, இதுல நான் ஓட்டுனது எந்த வண்டிங்க?"