பியானோ மட்டும்

"கூடவே இருந்து கழுத்தறுத்துட்டான்" என்று ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் எறிந்தார் பியானோக்காரர்.

அவர் திட்டியது தயாரிப்பாளரை. மனைவி பாட, அவர் வாசிக்க, பழைய காதல் பாட்டுகள் பன்னிரண்டை ஜாஸ் பாணியில் பதிவு செய்த ஆல்பம் அன்றுதான் வெளியாகியிருந்தது. ஆசை ஆசையாகக் கேட்க உட்கார்ந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாடுவது அவர் மனைவிதான், வாசிப்பது அவரில்லை. அட்டையில் வேறொரு பிரபலத்தின் பெயர்.

இருபது வருடம் ஹோட்டல் ஹோட்டலாக, சாப்பிடுகிறவர்களின் முதுகுக்கு வாசித்த தம்பதி. இருவர் பெயரும் சேர்ந்து வரவேண்டிய முதல் ஆல்பம் இது. மனிதருக்கு வயிறு எரியாதா பின்னே?

அதற்குப் பட்ட பாடும் கொஞ்சமா? பழைய காலத்து முறைப்படி எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்தார்கள். நாலாவது பாட்டில் பாஸ் கிட்டார் வாசிப்பவர் தும்மித் தொலைத்தார்.

"அதை மட்டும் அழிச்சிடேன்பா" என்று இவர் கெஞ்சினார்.

ஒலிப்பதிவாளர் கையை விரித்துவிட்டார். "ஒரே ரூம் சார். ஒருத்தர் சத்தம் எல்லார் மைக்லயும் விழுந்திருக்கும். தனியா பிரிக்கவே முடியாது. முதல்லேர்ந்து எல்லாரும் வாங்க."

இப்போது பாடகி டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

"எனக்கும் இப்பதாங்க தெரியும். நம்ம அன்னிக்கு எடுத்ததுல என் பாட்டை அப்படியே வச்சுக்கிட்டு, உங்க பியானோவை மட்டும் எடுத்துட்டு அந்த ஆளை வாசிக்க வச்சிருக்கான் பாவி. நீங்க அவன்கிட்ட பேசிக் கெட்ட பேர் வாங்காதீங்க. நான் பேசிக்கிறேன்."

அவருக்கு மனசு லேசாயிற்று. யார் கைவிட்டால் என்ன, இவள் இருக்கிறாள். அவளுடைய பாட்டையாவது நிம்மதியாகக் கேட்போம் என்று ஹெட்போனை மறுபடி மாட்டினார்.

என்னமாய்ப் பாடியிருக்கிறாள். மூச்சு வாங்குவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. அந்தக் குரலுக்குப் பின்னால் அவருடைய பியானோ பொட்டுக்கூட இல்லை.

ஹெட்போனை மெல்லக் கழற்றினார். அவள் மடியிலிருந்த கையையும் எடுத்துக்கொண்டார்.

"நீ எப்ப போய் மறுபடி பாடினே?"