மிருதுளாவின் கை

மிருதுளா யாரையும் தன் கையைத் தொட விடமாட்டாள். ஒன்றாம் வகுப்பில் கைபிடித்து எழுத வைக்காமல் எப்படி? நானும் ஜூனிலிருந்து பார்க்கிறேன், பென்சிலோடு பக்கத்தில் போனாலே விரல்களைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொள்வாள். ஸ்டிக்கர், மிட்டாய், எதற்கும் மசியவில்லை. நேற்று பாம்பு வளர்க்கும் ஒருவர் வகுப்புக்கு வந்தார். ஒரு தலையணை உறையின் முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் திட்டுகள் போட்ட பாம்பை வெளியே எடுத்தார். "ஒண்ணும் செய்யாது. யாரு தொட்டுப் பாக்கறீங்க?" பிள்ளைகளெல்லாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள, மிருதுளா மட்டும் எழுந்து போய் இரண்டு கைகளையும் நீட்டினாள். அது அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு விரல்களுக்கு இடையில் தலையை நுழைத்தது. அவள் சிரித்தாள். எனக்கு ஒருமுறைகூடக் காட்டாத முன்பல் ஓட்டை தெரிந்தது. "ஜில்லுனு இருக்கே நீ," என்றாள் அதனிடம். வந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. கைகூட இல்லாத பிராணி. எல்லோரும் கைதட்டினார்கள், நான் தட்டவில்லை. இன்று காலை பிரேயர் மணி அடித்தும் நான் வாட்டர் கூலரின் முன்னால் நின்று, விரல்கள் மரத்துப்போகும்வரை அதன் குழாயடியில் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். பிறகு வகுப்புக்குப் போய், அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. கண்களை மூடிக்கொண்டு லேசாகச் சிரித்தாள். நான் அசையவில்லை. என் கை மெல்லச் சூடேறிக்கொண்டிருந்தது.