சர்க்கரை சேர்க்காத கேக்

"நாக்கு நாலு முழம் நீண்டா, கால் அரை முழம் குறையத்தான் செய்யும்!"

அண்ணி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில் நோயாளிகூடத் திரும்பிப் பார்த்தார்.

திட்டு வாங்கிக்கொண்டு படுத்திருந்தவர் அவள் புருஷன், தையல்காரர். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மெஷினை மிதித்து மிதித்து ஒரு குடும்பத்தையே கரையேற்றிய கால். பாதத்தில் ஊசி குத்திய சின்னப் புண்தான். சுகர் ஏறிக்கிடந்த உடம்பில் அது ஆறவே இல்லை.

"தினமும் என்ன சாப்பிட்டார்னு டாக்டர் கேக்கறார். நான் என்னன்னு சொல்றது தம்பி? வீட்டுல சர்க்கரை டப்பாவைப் பூட்டியே வச்சிருந்தேன். டீயிலகூடப் போடல. உங்க கடை கேக் ஒண்ணுதான், அதுல சர்க்கரையே கிடையாது. அப்ப இவர் எங்கேயோ திருட்டுத்தனமா தின்னிருக்கார்னுதானே அர்த்தம்?"

பேக்கரி வைத்திருக்கும் தம்பி தலையை ஆட்டினார். ஆட்டியதோடு விட்டிருக்கலாம். "நாக்கைக் கொஞ்சம் கட்டியிருக்கணும்ணே" என்று புத்தி வேறு சொன்னார்.

அடப் பாவி மனுஷா!

'சர்க்கரை சேர்க்காத கேக்' என்று கடையில் பலகை மாட்டியது என்னவோ நல்ல எண்ணத்தில்தான். முதலில் சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புப் பொடியைத்தான் போட்டார். கேக் வெளுத்து, நடுவில் குழி விழுந்து, கடைசி வாயில் கசந்தது. வாங்கியவர்கள் எல்லாம் முகத்தைச் சுளித்தார்கள்.

ஒருநாள் பொடி தீர்ந்துவிட்டது. அவசரத்துக்குச் சாதாரணச் சர்க்கரையையே அள்ளிப் போட்டார். கேக் நன்றாகச் சிவந்து, உப்பி வந்தது. "சர்க்கரை இல்லாமலே இவ்வளவு ருசியா! உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்!" என்று தெருவே மெச்சியது. மெச்சிய பிறகு பொடி வாங்க மனசு வருமா? பலகையைக் கழற்றத்தான் மனசு வருமா?

அண்ணன் தினமும் சாயங்காலம் வந்து ஆசையாக இரண்டு துண்டு சாப்பிட்டுப் போவார். அவருக்கு மட்டுமாவது பொடி போட்டுத் தனியாகச் செய்திருக்கலாம். ரெண்டு துண்டுல என்ன ஆகிடப் போகுது என்று இருந்துவிட்டார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அண்ணி எப்போது நகர்வாள் என்று பேக்கரிக்காரர் காத்திருந்தார்.

அண்ணி மருந்து வாங்கக் கீழே போனாள்.

"அண்ணே..." கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கேக்குல சர்க்கரைதாண்ணே போட்டேன். ரொம்ப நாளாவே. யார்கிட்டயும் சொல்லல. உன் காலை நான்தாண்ணே..."

தேம்பித் தேம்பி அழுதார்.

அண்ணன் அவரையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் சிரித்தார்.

"அட கிறுக்கா! வெளுத்துக் கிடந்த கேக் திடீர்னு சிவந்து உப்பி வந்தா எனக்குத் தெரியாதா? முதல் துண்டுலயே கண்டுபிடிச்சிட்டேன்டா."

"தெரிஞ்சா சாப்பிட்டே?"

"உங்க அண்ணிகிட்ட திட்டு வாங்காமலே சர்க்கரை தின்ன ஒரு வழி கிடைச்சா எவன்டா விடுவான்? ஆசைப்பட்டுத் தின்னேன், அனுபவிக்கிறேன். இதுல உன் தப்பு எதுவும் இல்ல. அண்ணிகிட்ட வாயைத் திறக்காதே. ஆனா ஒண்ணு. இப்பவே போய் அந்தப் பலகையைக் கழட்டி அடுப்புல போடு. இன்னொருத்தன் கால் போகக் கூடாது."

பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனசில் இருந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது. தெரிஞ்சேதான் தின்னாராம்! அப்படியென்றால் பாதிக் குற்றம் அவருடையதுதானே? வராந்தாவில் நடக்கும்போது பசிகூட எடுத்தது. வெட்கங்கெட்ட வயிறு!

படியில் அண்ணி எதிரே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"கிளம்பிட்டீங்களா தம்பி? உங்க அண்ணன் அடிச்ச கூத்தைக் கேளுங்க. ஆபரேஷன் முடிஞ்சு மயக்கம் தெளியறதுக்கு முன்னாடி ஒரே புலம்பல். 'என் தம்பி எனக்காகச் சர்க்கரையே போடாம செஞ்சு தர்றான்டி, அந்தக் கேக்கைத் தவிர வேற எதையும் நான் தொட்டதே இல்லடி, நம்புடி'ன்னு. மயக்கத்துலகூட அந்த மனுஷன் வாயில உண்மை வரல பாருங்க!"