அரச நிந்தனை

"அந்தப் பொம்பளைக்கு வாய் காதுவரைக்கும் இருக்கு மகாராஜா. சும்மா விடக்கூடாது" என்றார் பிரதமர். மன்னர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு தலையாட்டினார்.

பதினொரு தீவுகள், அதில் நான்கில் வெறும் ஆடுகள். அதற்குப் பெயர் சாம்ராஜ்யம். குடியரசு அலுத்துப்போய் மறுபடியும் மன்னர் வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள், பழைய வம்சத்தில் மிச்சமிருந்த ஒரே ஆளை வெளிநாட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அப்படி என்ன சொன்னாளாம்?"

"இன்னிக்குக் காலையில துறைமுகத்துல அத்தனை பேர் முன்னாடி உங்க படத்தைப் பார்த்துச் சிரிச்சிருக்கா. 'இந்த மூஞ்சிக்குக் கிரீடம் ஒரு கேடா'ன்னு கேட்டிருக்கா. 'மளிகைச் சீட்டை நீட்டினாக்கூடப் படிக்காம கையெழுத்துப் போடற ஆளு'ன்னு வேற. பேரைக் கேட்டா, 'அரண்மனைக்கே வந்து சொல்றேன்'னு திமிரு."

மன்னருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தப்பா ஒண்ணும் சொல்லலியே, சார்."

"விளையாடாதீங்க. நாளைக்கு மகாராணியார் கடையைக் காலி பண்ணிட்டு வந்து இறங்கறாங்க. அவங்க காதுல இதெல்லாம் விழலாமா?"

"அவ சொன்ன நாள்ல என்னிக்கு வந்திருக்கா" என்று முணுமுணுத்தார் மன்னர்.

பிரதமர் அதைக் கேட்கவில்லை. மன்னர் பேசுவதைக் காதில் வாங்கும் வழக்கம் அந்த அரண்மனையில் கிடையாது. புதுச் சட்டத்தை மேஜையில் விரித்தார். மன்னரை இழிவாகப் பேசினால் ஏழு வருடம் சிறை. ஜாமீன் கிடையாது. மன்னரே நினைத்தாலும் மன்னிக்க முடியாது. இன்று காலையிலிருந்தே அமல்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"உங்க மரியாதையைக் காப்பாத்தற விஷயம்தான். இங்க போடுங்க."

மன்னர் போட்டார்.

பிரதமர் மையை ஊதிக் காயவைத்துக்கொண்டே மணியை அடித்தார். "முதல் கேஸை உங்க முன்னாடியே ஆரம்பிச்சிடலாம். வெளியிலதான் நிக்க வெச்சிருக்கேன்."

இரண்டு காவலர்கள் அவளை இழுத்து வந்தார்கள். கையில் விலங்கு, தோளில் பயணப் பை. "மகாராஜா கால்ல விழு" என்றார் பிரதமர்.

அவள் விழவில்லை. மேஜையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். நாற்காலியை விட்டு எழுந்து, பேனாவைக் கீழே போட்டுவிட்டு நின்ற மன்னரைப் பார்த்தாள்.

"ஏங்க, எதுல கையெழுத்துப் போட்டீங்க?"